வெட்ட வேண்டிய பாய்லர்

ஊரார் அழுக்கை வெளுக்கிற லாண்டரி அது. ஆனால் அதன் புகைபோக்கி, அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளில் காயும் துணியில் எல்லாம் கரும்புள்ளி குத்திக்கொண்டிருந்தது. “நீங்களே கறுப்பாக்கி நீங்களே வெளுத்தும் தர்றீங்க. இப்படி ஒரு வியாபாரம் யாருக்குக் கிடைக்கும்?” என்று எதிர்வீட்டுக்காரர் கேலி பேசுவார். சிரித்துக்கொண்டேதான் பேசுவார். அப்படியே ஒருநாள் போய் நகராட்சியில் மனுவும் கொடுத்துவிட்டு வந்தார்.

லாண்டரியை நடத்தியவளை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷனின் தங்கை வாசலில் நின்றுகொண்டு நாள் முழுக்க “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்ட கூப்பாட்டில், பால்காரரிலிருந்து தபால்காரர் வரைக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அந்தக் கணக்கில் அவள் புருஷன் எல்லோருக்கும் அண்ணன். அண்ணனுக்குப் பட்டப்பெயர் ஒன்றும் இருந்தது: ‘ஆகட்டும்’. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். ஒரே வேனை ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தருவதாக ஒத்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்கத் தலைமறைவாக இருந்தவர். கெட்ட மனசு கிடையாது. ‘முடியாது’ என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்க்கிற தெம்பு மட்டும் அவருக்கு இல்லை. அதனால் வீட்டில் முடியாது என்று சொல்கிற வேலை முழுவதும் அண்ணி தலையில் விழுந்தது. ஊருக்கு அவர் தங்கமான மனுஷர். அவள் கறாரானவள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும்தான் லாண்டரிக்கு வரும்படி. துவைக்க வெந்நீர், தேய்க்க நீராவி. இரண்டும் பின்கட்டில் நின்ற பழைய பாய்லரிலிருந்து வந்தன. கெட்டி எண்ணெயைக் குடித்துக் கரும்புகை கக்கும் கிழட்டு பாய்லர். மனு போனதும் நகராட்சியின் காற்றுப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கையில் ஓர் அட்டை. அதில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை வரிசையாகக் கட்டங்கள். தெருவில் நின்று அட்டையை உயர்த்திப் பிடித்து, புகையையும் கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் விரல் வந்து நின்றது. அன்றிலிருந்து அவர் புகை மேடம்.

ஆனால் பூட்டுப் போடுவதற்காக மட்டும் அவர் வரவில்லை. பழைய இயந்திரத்தை மாற்றுகிற சின்னத் தொழில்களுக்குப் புதியதன் விலையில் பாதியை நகராட்சி மானியமாகத் தரும் என்றார். நிபந்தனை ஒன்றுதான். பழையதைத் தன் கண் முன்னால் வெட்டிப்போட வேண்டும்.

“ஓடற பாய்லரை எதுக்கு மேடம் வெட்டணும்?” என்று அண்ணன் கேட்டார்.

“வெட்டாம விட்டா அது வேற ஒரு இடத்துல போய் உட்கார்ந்து இதே மாதிரி புகையும். புகையை இடம் மாத்தி வைக்கறதுக்கா நாங்க பணம் தர்றோம்?”

“ஆகட்டும் மேடம்” என்றார் அண்ணன்.

மின்சாரத்தில் ஓடும் புது பாய்லர் வந்து இறங்கியது. மானியம் வந்ததும் பாதி விலையைக் கட்டுவதாகப் பேச்சு. அலமாரி மாதிரி சத்தமில்லாமல் ஒரு மூலையில் நின்று வேலை பார்த்தது. பழைய பாய்லர் இருந்த நாளெல்லாம், அதன் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அண்ணி உட்கார்ந்திருப்பாள். அழுத்தம் ஏறினால் தானாக நெருப்பை அணைக்க வேண்டிய சுவிட்ச் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மிஞ்சிய நீராவியைத் தானே வெளியே விட வேண்டிய, உச்சியில் இருந்த சேப்டி வால்வும் உப்புப் படிந்து இறுகிவிட்டது. என்றைக்கிருந்தாலும் மாற்றப்போகிற கிழடு, இதற்கு எதற்குச் செலவு என்று அவளே தள்ளிப்போட்டிருந்தாள். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் அவள் எழுந்துபோய் எண்ணெய்க் குழாயை மூடுவாள், இறங்கினால் திறப்பாள். அப்படித்தான் ஓட்டினார்கள். அந்த ஸ்டூலை விட்டு எழுந்ததே பெரிய விடுதலையாக இருந்தது அவளுக்கு.

பாய்லரை வெட்டுகிற நாள் வந்தது. மேடம் வருவதற்குள் அதைக் கொஞ்சம் துடைத்து வைக்கலாம் என்று அண்ணி கொல்லைப்புறம் போனாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணன் ஆள் வைத்துப் பாய்லரைப் பின்கட்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு, நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தார். ‘சொல்லாமலே ஒரு வேலையை முடித்துவிட்டாரே’ என்று அன்றைக்கு அவள் ஆச்சரியப்பட்டாள்.

கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைச் சுருட்டினாள். நம்பர் தகட்டைத் துடைத்தாள். எண் சரியாக இருந்தது. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த நாலு ரிவெட்டும் பளபளவென்று இருந்தன. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி இடது பக்கம் இருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த கண்ணாடி வலது பக்கம்.

ஒரு நிமிஷம் தனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று நினைத்தாள். சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தாள். கீழ்ப்பகுதி முழுக்கத் துரு அரித்து, கையை விட்டால் உள்ளே போகிற ஓட்டை. காயலான் கடையில் கிடந்த வெறும் கூடு.

அண்ணன் உள்ளே கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். அவள் வந்து நின்ற விதத்தைக் கண்ணாடியில் பார்த்ததுமே அவர் கை நின்றுவிட்டது.

“வெளியில நிக்கறது யாரு வீட்டுப் பாய்லர்?”

அவர் சவரக் கத்தியைக் கழுவ ஆரம்பித்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

“உங்களைத்தான் கேக்கறேன். நம்ம பாய்லர் எங்கே?”

“தங்கச்சி வந்து அழுதா” என்றார் அண்ணன். “சாயப் பட்டறை போட்டுட்டா. தொட்டியெல்லாம் கட்டிட்டா. ஸ்டீமுக்கு வழியில்ல. நாம எப்படியும் வெட்டித்தானே போடப் போறோம். அவ இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகராட்சிக்கு வெளியில. அங்கே இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. ஒரு குடும்பம் பிழைச்சுக்கட்டுமேன்னு…”

“ஆகட்டும்னு சொல்லிட்டீங்க.”

“உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே.”

“விடமாட்டேன்தான்.”

நாத்தனாருக்கும் அவளுக்கும் நடுவில் பழைய புகைச்சல் ஒன்று இருந்தது. லாண்டரியில் தன்னையும் ஒரு கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாத்தனார் கேட்டபோது, அண்ணன் வழக்கம்போல் ஆகட்டும் என்றார். அண்ணிதான் முடியாது என்றாள். அதற்குப் பிறகு அண்ணி அறிய நாத்தனார் இந்த வாசலை மிதித்ததில்லை. அண்ணி போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் மனசு அந்த நேரத்திலும் வேகமாகக் கணக்குப் போட்டது. மேடம் நம்பரைத்தான் பார்ப்பார். பின்பக்கம் சுவர் ஓரமாக இருக்கிறது, எட்டிப் பார்க்காவிட்டால் ஓட்டை தெரியாது. வெட்டி முடித்தால் எல்லாம் இரும்புத் துண்டு. அப்புறம் இவரைக் கவனித்துக்கொள்ளலாம். இப்போது வாயைத் திறந்தால் மானியம் போகும், புது பாய்லர் கைவிட்டுப் போகும், லாண்டரியே போகும்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு” என்றாள். “அவ எப்போ அதை ஓட்டப் போறா?”

“இன்னிக்குத்தான். குழாய் எல்லாம் நேத்தே மாட்டியாச்சு.”

“சுவிட்ச் வேலை செய்யாது, பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கணும்னு சொன்னீங்கல்ல?”

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

“வால்வு இறுகிக் கிடக்கறதைச் சொன்னீங்களா?”

“அதையெல்லாம் சொன்னா பயந்துடுவான்னு நினைச்சேன். நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டேன். ஒருநாள் போய்ப் பொறுமையா விளக்கிச் சொல்லலாம்னு…”

அண்ணி அந்தப் பட்டறையை நினைத்துப் பார்த்தாள். நல்லா ஓடுகிற பாய்லர் என்றால் யார் அதன் எதிரே உட்காரப் போகிறார்கள்? நெருப்பைப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் போவார்கள். நூலை முக்குவார்கள், பிழிவார்கள், பேச்சு சுவாரசியத்தில் இருப்பார்கள். முள் ஏறிக்கொண்டே இருக்கும்.

“போன் போடுங்க.”

போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

“எடுக்கலியே.”

“வண்டியை எடுங்க. போய் முதல்ல எண்ணெய்க் குழாயை மூடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம். முதல்ல அதை மூடணும்.”

ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் தெருமுனை திரும்பவும், எதிர்ப்பக்கத்திலிருந்து புகை மேடத்தின் வெள்ளைக் கார் வந்து வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. பின்னாலேயே வெல்டிங்காரர் தள்ளுவண்டியில் கேஸ் சிலிண்டரோடு வந்தார்.

“உங்க வீட்டுக்காரர் எங்கே இவ்வளவு அவசரமா?”

“ஒரு அவசர வேலை மேடம். வந்துடுவார்.”

அண்ணி அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். கையில் போனை இறுகப் பிடித்திருந்தாள். மேடம் எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. தகட்டு எண்ணைத் தன் தாளில் இருந்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். படம் எடுத்தார். வலது கையால் பாய்லரின் தோளைத் தட்டிப் பார்த்தார். டங் என்று வெற்றுச் சத்தம் வந்தது.

“தண்ணியை வடிச்சாச்சா?”

“வடிச்சாச்சு மேடம்.”

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவளுக்கு. வடிப்பதற்கு அந்தக் கூட்டில் என்ன இருந்தது?

வெல்டிங்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நெருப்பு ‘புஸ்’ என்று பற்றி நீலமாகக் கூராயிற்று. அப்போது அவள் கையில் போன் அதிர்ந்தது.

நாலடி தள்ளிப்போய் எடுத்தாள். அண்ணன் மூச்சு வாங்கப் பேசினார். “கேட்டைத் திறக்கமாட்டேங்கறா. உள்ளே இருந்து பூட்டிட்டா. பாய்லரைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்னு நினைக்கறா. நீதான் அனுப்பினேன்னு சொல்றா. நான் என்ன சொன்னாலும் நம்பல. ‘நேத்து நல்லா ஓடுதுன்னே, இன்னிக்கு வெடிக்கும்கறே’ன்னு கேக்கறா. நான் என்ன சொல்ல?”

“நெருப்புப் போட்டாச்சா?”

“புகை வருது. கறுகறுன்னு வருது.”

“உள்ளே எத்தனை பேர்?”

“அவளும் ரெண்டு மூணு பொம்பளைங்களும். சுவர் உசரம், மேலே கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு. ஏற முடியல.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். நீல நெருப்பு இரும்பைத் தொடப் போனது. தொட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் கையெழுத்தாகிவிடும். அதற்கப்புறம் சொல்லலாம். அதற்கப்புறம் ஒரு ஆட்டோ பிடித்துப் போகலாம். அதற்கப்புறம் என்பதற்குள் அந்த முள் எங்கே போய் நிற்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டறையில் நெருப்போடு எண்ணெய் சீறுகிற சத்தம் இங்கேயே அவள் காதில் கேட்ட மாதிரி இருந்தது. அத்தனை நாள் கேட்ட சத்தம்.

“மேடம், வெட்டாதீங்க” என்றாள். “இது எங்க பாய்லர் இல்ல.”

வெல்டிங்காரர் நெருப்பை விலக்கினார். மேடம் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்கிற மாதிரி பார்த்தார்.

“நம்பர் சரியா இருக்கே.”

“நம்பர் எங்களோடது. பாய்லர் வேற. எங்க பாய்லர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில இருக்கு. இப்போ ஓடிட்டு இருக்கு. அதுல வால்வு வேலை செய்யாது, சுவிட்ச் வேலை செய்யாது. உள்ளே இருக்கறவங்களுக்கு அது தெரியாது. கதவைப் பூட்டிட்டு இருக்காங்க. மேடம், உங்க கார்ல கொண்டுபோய் விடுங்க. மத்ததை எல்லாம் அப்புறம் கேளுங்க.”

மேடம் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, காரை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

கார்க் கதவை அடைத்ததும்தான் அண்ணிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. ஆனால் வருத்தப்பட நேரம் இல்லை. கடைத்தெருவில் சரக்கு லாரி ஒன்று குறுக்கே நின்று பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. மேடம் ஹாரனை அழுத்திப் பிடித்தார். லாரிக்காரர் சாவகாசமாக ஒரு பெட்டியை இறக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அண்ணி இறங்கி ஓடினாள். அவள் என்ன சொன்னாளோ, லாரி நகர்ந்தது.

“என்ன சொன்னீங்க அவர்கிட்ட?” மேடம் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

“ஞாபகம் இல்ல மேடம். திட்டினேன்னு நினைக்கறேன்.”

பாலத்தில் ஏறும்போது மேடம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “நீங்க என்கிட்ட சொன்னதை நான் எழுதித்தான் ஆகணும். தெரியும்ல?”

“எழுதுங்க மேடம். கொஞ்சம் வேகமா ஓட்டுங்க.”

பாலத்தின் உச்சியிலிருந்தே புகை தெரிந்தது. கறுப்பாக எழும்பி, காற்றில் சாய்ந்து, ஆற்றைத் தாண்டி ஊர்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. மேடம் அதை ஒரு தடவை பார்த்தார். அட்டை தேவைப்படவில்லை.

பட்டறைக் கேட்டின் முன் அண்ணன் நின்றிருந்தார். சட்டை கிழிந்து, உள்ளங்கையில் ரத்தம். ஏறிப் பார்த்திருக்கிறார். “தங்கச்சி, சொன்னா கேளு” என்று தொண்டை கம்மக் கத்திக்கொண்டிருந்தார். கேட்டின் இடுக்கு வழியாக நாத்தனாரின் முகம் தெரிந்தது. நகராட்சி என்று எழுதிய காரையும் அதிலிருந்து இறங்கின அண்ணியையும் பார்த்ததும் அந்த முகம் இன்னும் இறுகியது.

“ஓ, அதிகாரியையே கூட்டிட்டு வந்துட்டீங்களா? நான் ஒரு தொழில் பண்ணினா உங்களுக்கு அவ்வளவு எரியுதா அண்ணி?”

“கதவைத் திறங்க. நான் காற்றுப் பிரிவு…” என்று மேடம் ஆரம்பித்தார்.

“இது உங்க எல்லை இல்ல மேடம். இங்கே வந்து நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. விசாரிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன்.”

அவள் சொன்னது சட்டப்படி சரிதான் போலிருக்கிறது. மேடம் கேட்டை விட்டு ஒதுங்கி அண்ணிக்கு வழி விட்டார்.

அண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. குரலை இறக்கினாள்.

“நீ என்னை நம்ப வேணாம். உங்க அண்ணனையும் நம்ப வேணாம். உள்ளே போய் ஒரே ஒரு தடவை அந்த முள்ளைப் பார்த்துட்டு வா. வட்டமா ஒரு கடிகாரம் மாதிரி இருக்கும்ல, அதுல. சிவப்பா ஒரு கோடு இருக்கும். முள் அதுக்கு இந்தப் பக்கம் இருந்தா நான் அப்படியே திரும்பிப் போயிடறேன். இந்த ஜென்மத்துக்கு உன் வழிக்கு வரல. எங்கே நிக்குதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. எதையும் தொடாதே. பக்கத்துல நிக்காதே. பார்த்துட்டு உடனே வா.”

நாத்தனாருக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நடந்தாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்த மாதிரி இருந்தது. ஓட்டுக் கூரைக்குள் போய் மறைந்தாள்.

உள்ளேயிருந்து யாரோ சிரிக்கிற சத்தமும் தண்ணீர் அலம்புகிற சத்தமும் வந்தன.

நாத்தனார் திரும்பி வந்தபோது ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தாள். சாவி நழுவியது.

“கோட்டைத் தாண்டிப் போயிருக்கு அண்ணி. முள் தாண்டி… கடைசியில போய் முட்டிட்டு நிக்குது.”

“பயப்படாதே. பூட்டைத் திற. உள்ளே இருக்கறவங்களைக் கூப்பிடு, வெளியில வரச் சொல்லு.”

பூட்டுத் திறந்தது. நாத்தனார் கூப்பிட்ட குரலில் பெண்கள் கை முழுக்கச் சாயத்தோடு ஓடி வந்தார்கள். மேடம் அவர்களைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கம், சுவரின் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். “நீங்களும் வாங்க, தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு” என்று அண்ணியைப் பார்த்துக் கத்தினார். அண்ணி அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

அவளுக்கு அது பழக்கப்பட்ட மிருகம் மாதிரி. ஆனால் இப்படி ஒரு கோலத்தில் அதைப் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. குழாய் மூட்டுகளில் எல்லாம் நீராவி ஊசி ஊசியாகக் கிளம்பியது. எண்ணெய்க் குழாயின் திருகு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். இங்கே புதுக் குழாய் போட்டு அதை இடம் மாற்றியிருந்தார்கள். தேடினாள். பிறகு கீழே, பர்னருக்குப் பின்னால் கண்டுபிடித்து, மண்டி போட்டு, திருகி மூடினாள். சீறல் நின்றது. பர்னர் ‘பக்’ என்று அணைந்தது.

முள் அசையவில்லை.

“ஸ்டீமை வெளியில விடணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தொட்டிகளுக்குப் போகும் குழாயின் திருகை யாரோ ஏற்கனவே திருகிக்கொண்டிருந்தார்கள். அண்ணன். எப்போது வந்தாரோ தெரியாது.

“ஒரேயடியாத் திறக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா.”

“தெரியும்” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கால் திருகு, அரைத் திருகு. தொட்டிப் பக்கம் வெள்ளையாக நீராவி பொங்கி, கூரையை நிரப்பியது. அந்த நேரத்தில் புது மூட்டு ஒன்று விட்டுக்கொடுத்தது. அண்ணனின் முன்கையில் நீராவி நேராக அடித்தது. அவர் பல்லைக் கடித்தார், கையை எடுக்கவில்லை. முழுத் திருகும் திறந்த பிறகுதான் எடுத்தார். அண்ணி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ரோட்டின் அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் எல்லோரும் குந்தியிருந்தார்கள். பட்டறை முழுவதும் வெண்புகையாகச் சீறிக்கொண்டிருந்தது. அண்ணனின் கையில் மேடம் தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். சீறல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து பெருமூச்சாகியது. பிறகு அதுவும் நின்றது. தீயணைப்பு வண்டி வந்தபோது, உள்ளே போய்ப் பார்த்த ஆள் வெளியே வந்து, “முள் இறங்கிடுச்சு” என்றார். நாத்தனார் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அண்ணி அழவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பாய்லரை அந்தப் பட்டறையிலேயே வைத்து வெட்டினார்கள். எல்லை இல்லை என்று யாரும் பேசவில்லை. வெல்டிங்காரர் வால்வைக் கழற்றி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, “கல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார். மேடம் படம் எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டுவிடவில்லை. நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் விசாரணை நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மேடத்தின் அறிக்கையைப் படித்தார்கள். நம்பர் தகட்டை மாற்றினதும் அதில் இருந்தது, வெட்டுவதற்கு முன்னாலேயே அண்ணி உண்மையைச் சொன்னதும் இருந்தது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

“பொய்த் தகவல் கொடுத்தா மானியம் ரத்து. இனிமே எந்தத் திட்டத்துலயும் விண்ணப்பிக்க முடியாது. விதி அது” என்றார் நடுவில் இருந்தவர். “தகட்டை மாத்தினது யாரு?”

“நான்தான்” என்றார் அண்ணன். கையில் இன்னும் கட்டு இருந்தது.

“லாண்டரி என் பேர்ல இருக்கு. பழுதானதை ஓட்டினது நான்” என்றாள் அண்ணி. “மேடம் நம்பரைப் பார்க்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். அப்போ எனக்குத் தெரியும்.”

அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அறிக்கையில் அது இல்லை. மேடம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அப்போது கதவு ஓரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. நாத்தனார் எழுந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

“அந்தப் பாய்லரை வெட்டணும்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள். “தெரிஞ்சுதான் கேட்டேன். எங்க அண்ணன் யார் எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லமாட்டார். அது தெரிஞ்சுதான், அண்ணி ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துப் போனேன். காயலான் கடையில அந்தக் கூட்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அண்ணி வரலன்னா நான் இப்போ இங்கே நின்னு பேசிட்டு இருக்கமாட்டேன்.”

மூவரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் முகம் கடைசி வரை இளகவில்லை. இந்த வருஷ மானியம் கிடையாது, அபராதமும் உண்டு. ஆனால் நிரந்தரத் தடை போடவில்லை. தானாக முன்வந்து சொன்னதால், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அடுத்த வருஷம் வரைக்கும் புது பாய்லருக்குத் தவணை கட்ட வேண்டும். அதற்கு வேனை விற்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி விரிப்புகளை யாருடைய வண்டியில் ஏற்றுவது? அண்ணி இதையெல்லாம் யோசித்தபடி படியிறங்கினாள். அண்ணன் முன்னால் போய்விட்டார். பின்னால் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

“எனக்காக வந்தியா?” அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

“உங்களுக்காக ஒண்ணும் இல்ல. அண்ணனுக்காக.”

“சரி.”

ஒரு மாடி இறங்கினார்கள்.

“தொட்டியெல்லாம் சும்மா கிடக்குதா?” என்றாள் அண்ணி.

“வேற என்ன பண்ணும்?”

“மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு ஸ்டீம் அவ்வளவாத் தேவைப்படாது. பழைய பாய்லர் நின்ன இடம் காலியாத்தான் இருக்கு. ரெண்டு தொட்டி போடலாம்.”

நாத்தனார் படியில் நின்றுவிட்டாள். “வாடகை?” என்றாள்.

“கரெண்ட் பில்லுல பாதி.”

“பாதியா? மத்தியானத்துக்கு மேலதானே வரப்போறேன். மூணுல ஒண்ணு.”

“உங்க அண்ணன்கிட்ட கேட்டா ஆகட்டும்னுவார். என்கிட்ட பேசறே. பாதி.”

மேலேயிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. புகை மேடம். கையில் கோப்போடு அவர்களைத் தாண்டிப் போனவர், இரண்டு படி கீழே நின்று திரும்பினார்.

“சாயத் தண்ணியை எங்கே விடப் போறீங்க?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதுக்கு வேற பிரிவு இருக்கு. தொட்டி போடறதுக்கு முன்னாடி அங்கே போய்க் கேட்டுடுங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க.”

“எந்த மாடி மேடம்?” என்று கேட்டாள் அண்ணி.

“மூணாவது.”

மேடம் இறங்கிப் போய்விட்டார். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி மேலே ஏற ஆரம்பித்தாள். நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூணுல ஒண்ணுதான் நியாயம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினாள்.